ஒரு மொழி மட்டும்

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், முப்பதாம் பிரிவு, கடைசி உட்பிரிவு: காது கேளாத மாணவர்கள் ஒரே ஒரு மொழியை மட்டும் பாடமாக எடுத்துக்கொள்ளும் வகையில் பாடத்திட்டத்தைத் திருத்தி அமைக்க வேண்டும். பாராளுமன்றம் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் எழுதுவது அபூர்வம். மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான். மற்றவர்கள் எழுதிய விதிகளுக்கு விளக்கம் எழுதினேன், என் விளக்கங்களின் மேல் எழுந்த சந்தேகங்களுக்கு மேலும் விளக்கம் எழுதினேன், ஓய்வு பெற்றேன். இந்த உட்பிரிவில் கை வைக்க எனக்கு இடமே இருக்கவில்லை. நான் கை வைத்தது வேறு இடத்தில்.

என் பேத்திக்குக் காது கேட்காது என்பது அவளுடைய இரண்டாவது வயதில் தெரிந்தது. சமையலறையில் குக்கரின் வால்வு பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் அடித்தது. வீட்டில் எல்லோரும் ஓடினோம். அவள் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு டப்பாவின் மேல் இன்னொரு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நிதானமான குழந்தை நம் குடும்பத்தில் பிறந்ததே இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். மருமகள் குழந்தையின் பின்னால் போய் நின்று கையைத் தட்டினாள். இரண்டாவது முறை தட்டினாள். பிறகு தட்டவில்லை.

மகன் மாதாப்பூரில் மென்பொருள் வேலையில் இருந்தான். மருமகளும் அங்கேதான் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் வேலை பார்த்தாள். அந்த மாதமே ராஜினாமா செய்தாள். அவள் செகந்திராபாத் ரயில்வே காலனியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் தமிழில் தெலுங்கும் தக்கனி உருதும் அரிசியில் கல் மாதிரிக் கலந்திருக்கும். தஞ்சாவூர்த் தமிழை இந்த ஊரில் முப்பது வருடமாகக் கெடாமல் வைத்திருந்த எனக்கு அந்தக் கல் தினமும் பல்லில் பட்டது. என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். நாச்சாரத்துக்கும் மல்லாபூருக்கும் நடுவில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் நாங்கள் நாலு பேர்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா இரண்டே நிபந்தனை வைத்தார். ஒன்று, வீட்டில் குழந்தையின் எதிரில் ஒரே மொழிதான் பேச வேண்டும். இரண்டு, யாரும் கையை அசைக்கக் கூடாது, குழந்தையையும் அசைக்க விடக் கூடாது. கை பேசத் தொடங்கினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்றார். இந்த இரண்டாவது நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்களை எனக்கு அலுவலகத்திலேயே பிடிக்காது.

எந்த மொழி என்று முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டேன். முறைப்படி நிகழ்ச்சி நிரல் எழுதி, நானே குறிப்பும் எடுத்தேன்.

"இங்கிலீஷ்தான்பா," என்றான் மகன். "நாளைக்கு உலகத்துல எங்க வேணா போலாம்."

"ஹவ், உலகத்துல போலாம்," என்றாள் மருமகள். ஹவ் என்றால் அவள் தக்கனியில் ஆமாம். "வீட்டுக்குள்ள எப்படிப் போறது? எனக்கு இங்கிலீஷ்ல லீவ் லெட்டர் எழுத வரும். கொஞ்ச வராது."

"தமிழ்னா எந்தத் தமிழ்? உன் தமிழா, என் தமிழா? குழந்தை குழம்பிடும்," என்றேன்.

"அதுக்குக் கேக்கவே கேக்காது மாமா. யார் தமிழா இருந்தா என்ன?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் நான் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டாயம் என்பதால் தெலுங்கைப் பற்றியும், எப்போதும் பேச வேண்டியிருப்பதால் இந்தியைப் பற்றியும் பேசினோம். ஒரு சத்தமும் கேட்காத மூன்று வயதுக் குழந்தைக்காக நாலு மொழிகளை எடைபோட்டு, கடைசியில் ஆங்கிலம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். குழந்தை என் மடியில்தான் இருந்தாள். என் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

விளைவு என்னவென்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஆங்கிலத்தில் சிரிக்கத் தெரியாது. பால்காரனைத் திட்டுவதும், மாமியார் வீட்டைப் பற்றி வம்பு பேசுவதும், உப்பு போதவில்லை என்பதும் எல்லாமே தமிழில்தான். ஆகவே குழந்தை அறைக்குள் வந்தவுடன் பேச்சு நிற்கும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, சரியான ஆங்கில வாக்கியத்தைத் தேடுவோம். தேடி முடிப்பதற்குள் அவள் போய்விடுவாள். அவள் போனதும் தமிழ் திரும்பி வரும். இதைப் பல வருடம் செய்தோம். செய்தது படித்தவர்கள், படிக்காதவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது.

தினமும் மாலை நாலு முதல் ஐந்து வரை பயிற்சி. மருமகள் குழந்தையின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து "பால்" என்பாள், பந்துக்கு. குழந்தை அந்த அதிர்வைத் தேடித் தன் தொண்டையில் உண்டாக்க வேண்டும். நான் பக்கத்தில் பதிவேட்டோடு இருப்பேன். கையை அசைத்தால் ஒரு பெருக்கல் குறி. பிஸ்கட்டை நோக்கிக் கை நீட்டினால் பிஸ்கட் கிடையாது. வாயால் கேட்க வேண்டும். அவள் "பிக்கி" என்று ஒரு சத்தம் போடுவாள், பிஸ்கட் கிடைக்கும். கைகள் சும்மா இருக்கவில்லை என்பதால் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்காரப் பழக்கினேன். இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டாள். என்னைக் கண்டாலே உட்கார்ந்து கைகளை உள்ளே தள்ளிக்கொள்வாள். ஒழுங்கு என்று நான் நினைத்தேன்.

ஏழு வயதில் அவளிடம் முப்பத்தெட்டுச் சொற்கள் இருந்தன. எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு வைத்திருந்தேன். பந்து, பால், பிஸ்கட், குடை, குட் மார்னிங். அந்தப் பட்டியலில் 'நேற்று' இல்லை. 'ஏன்' இல்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பிலிருந்து தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றும். அப்போதுதான் நான் மேலே சொன்ன உட்பிரிவை எடுத்துக் கல்வித் துறைக்கு மனு எழுதினேன். நாலு பக்கம், ஏழு இணைப்புகள், உரிய வழியாகப் பள்ளித் தலைமை ஆசிரியை மூலம். அந்த அம்மாள் நல்லவர். மனுவைப் படித்துவிட்டு, "சார், தெலுங்கு பீரியட்ல குழந்தை வெளிய விளையாடட்டும். யார் கேக்கப் போறாங்க? பரீட்சையில நான் பாத்துக்கிறேன்," என்றார்.

"வாய்மொழி உத்தரவுக்கு மதிப்பில்லை, மேடம். எழுத்தில் வரட்டும்," என்றேன்.

"வர வரைக்கும்?"

"வர வரைக்கும் இருக்கிற விதிப்படி நடக்கட்டும்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார். இருக்கிற விதிப்படியே நடந்தது. என் பேத்தி வருடக்கணக்கில் தெலுங்கு எழுத்துகளைக் கோலம் போல வரைந்தாள். மிக அழகாக வரைவாள். பூஜ்ஜியம் வாங்குவாள்.

மனு போன இடத்தில் முதல் நினைவூட்டலுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். மூன்றாவதற்கு, அந்தச் சான்றிதழ் புதுப் படிவத்தில் வேண்டும் என்றார்கள். நேரில் போனபோது குமாஸ்தா ஒருவர் மரியாதையாக நாற்காலி போட்டு, "ரூல் உந்தி சார். ஜி.ஓ. லேது," என்றார். விதி இருக்கிறது, அரசாணை இல்லை. அந்த வாக்கியத்தின் கட்டுமானத்தை நான் மனதாரப் பாராட்டினேன். நானே பலருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கட்டடத்தின் கீழே, மாடிப்படிக்கு அடியில், ஒரு தம்பதி இஸ்திரி மேஜை போட்டார்கள். கணவன் காலையில் மல்லாபூர் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டும் வேலைக்குப் போவான். பகலில் மனைவி கரிப்பெட்டியோடு நிற்பாள். இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் கிடையாது. கைகளால்தான் எல்லாம். மருமகள் துணி மூட்டையைக் குழந்தையிடம் கொடுத்து அனுப்புவாள். போனவள் முதலில் பத்து நிமிடத்தில் வந்தாள். பிறகு ஒரு மணி நேரம். வீட்டில் இஸ்திரி போடாத துணியே இல்லாமல் போயிற்று. மருமகள் தலையணை உறையை எல்லாம் அனுப்பத் தொடங்கியிருந்தாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் நாலு மணி ஆகியும் குழந்தை பயிற்சிக்கு வரவில்லை. நான் பதிவேட்டோடு கீழே இறங்கினேன். மேஜையின் மேல் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, அவள் பேசிக்கொண்டிருந்தாள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கைகளும் புருவமும் தோளும் ஓடிக்கொண்டிருந்தன. இஸ்திரிக்காரி சட்டையில் பெட்டியை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து ஒரு விநோதமான சத்தத்தில் சிரித்தாள். குழந்தை இடது உள்ளங்கையில் வலது முஷ்டியால் இரண்டு முறை முத்திரை குத்தினாள்; மூக்கின் நுனியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

வாட்ச்மேன் பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இவர்களோடு பழகிக் கொஞ்சம் புரியும்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"ஆப்கீச் பாத், சாப்," என்றான். உங்கள் பேச்சுதான். முத்திரை குத்துவதுதான் என் பெயராம்.

"அது சரி. இப்ப என்ன கேக்கறா?"

அவன் தயங்கினான். பிறகு இந்தியிலும் தெலுங்கிலுமாகச் சொன்னான். தான் ரூமுக்குள் போனால் வீட்டில் எல்லோரும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று குழந்தை கேட்கிறதாம்.

அவள் கேட்ட முதல் 'ஏன்' அது, எனக்குத் தெரிந்தவரை. அதை என்னிடம் கேட்கவில்லை. என் பதிவேட்டில் கைகளுக்கு ஒரே ஒரு பத்திதான் இருந்தது, அதில் பெருக்கல் குறியை மட்டுமே போட முடியும். போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். மேஜையின் மேல் உட்கார்ந்தபடியே கைகளைத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டாள்.

அன்றே குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினேன். துணை விதிப்படி பொது இடத்தில் தொழில் நடத்தக் கூடாது. மின்சார மீட்டர்களுக்கு அருகில் கரி நெருப்பு தீ அபாயம். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார், அவருடைய சட்டை ஒன்று கருகியிருந்தது. ஆனால் யாரையும் விசாரிக்காமல் வெளியேற்றுவது இயற்கை நீதிக்கு விரோதம் என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். தந்தோம். இருவரையும் சங்க அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

"மீரேமைனா செப்பாலா?" என்றார் தலைவர். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பொருள். சத்தமாகவே கேட்டார்.

அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, கணவன் எழுந்து நின்று கைகளால் வெகுநேரம் ஏதோ சொன்னான். மனைவி நடுநடுவே திருத்தினாள். வாட்ச்மேனைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அவன் சங்கத்தின் ஊழியன், ஒரு தரப்புக்குச் சாட்சியாக முடியாது என்று நான் விளக்கினேன். அறையில் அவர்கள் சொன்னதைப் புரிந்துகொண்டது ஒரே ஆள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் அவளைக் காட்டினான். நான் அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு வந்து குறிப்பில் எழுதினேன்: 'எதிர்த் தரப்பில் ஆட்சேபம் ஏதும் சொல்லப்படவில்லை.'

மனு கொடுத்து நாலாவது நாள் மேஜை போய்விட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு விரைவாக முடிந்த கோப்பு வேறில்லை.

மருமகள் சமையலறையிலிருந்து வெளியே வராமல் கேட்டாள்: "கைக்கு மாமா? உங்களுக்கு என்ன பண்ணாங்க அவங்க?" கைக்கு என்றால் தக்கனியில் ஏன்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலை. குழந்தை நாளைக்கு இஸ்திரிக்காரங்களோடதான் பேச முடியும்னா அது என்ன வாழ்க்கை?"

"இன்னைக்கு யாரோட பேசுது?" என்றாள்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை; கேள்வி வாய்மொழியாகத்தான் கேட்கப்பட்டது.

அதன் பிறகு பதிவேட்டின் பக்கங்கள் சுத்தமாயின. பெருக்கல் குறிகள் குறைந்து, நின்றே போயின. டாக்டரம்மா மகிழ்ந்தார். நான் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, குழந்தையின் முன்னேற்றத்துக்குச் சான்றாக ஐந்தாவது நினைவூட்டலோடு இணைத்தேன். சொற்கள் முப்பத்தெட்டிலேயே நின்றிருந்தன. அதைப் பற்றி யாரும் விவரம் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

பத்து வயதில் ஒரு நாள் அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க அடம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலை சுவரோரம் சுருண்டு கிடந்தாள், உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை உட்கார வைத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, எங்கே வலி என்று சைகையில் கேட்டார். இளைஞர், நிபந்தனைகள் எதுவும் தெரியாதவர். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் தள்ளிக்கொண்டாள்.

"காட்டும்மா," என்று நான் தமிழில் சொன்னேன். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு அந்த மொழியில் அவளிடம் நான் பேசியதே இல்லை. உதடுகளின் அசைவு அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும். கைகளை இன்னும் உள்ளே தள்ளினாள்.

மருமகள் என் பக்கம் திரும்பவில்லை. "மாமா, நீங்க வெளிய போங்க," என்றாள்.

போனேன். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் போனதும் கைகள் வெளியே வந்தன. வலது அடிவயிற்றைத் தொட்டாள். பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நாளாக என்று டாக்டர் புரிந்துகொண்டார். குடல்வால் உடைந்திருந்தது. பிழைத்தது அதிர்ஷ்டம் என்று பிறகு சொன்னார்கள்.

தையல் பிரித்த வாரம் மருமகள் மல்லாபூருக்குப் போய், சந்து சந்தாக விசாரித்து, அந்தத் தம்பதியைக் கண்டுபிடித்தாள். என்ன பேசினாள், எப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அதே சந்தில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையை எடுத்து, கைமொழியில் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் சேர்த்தாள். மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவள் பின்னால் போனான். கம்பெனி கார் திரும்ப முடியாத சந்து. கழுத்தில் அடையாள அட்டையோடு, லாரிகளுக்கு நடுவில் முக்கிய சாலைக்கு நடந்து வருவான் என்று வாட்ச்மேன் சொன்னான்.

நான் ஒரே ஒரு முறை அங்கே போனேன். மாலை நேரம். மகன், மருமகள், இஸ்திரித் தம்பதி, பேத்தி எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ கொடுத்தார்கள். நான் உள்ளே வந்ததற்காக யாரும் பேச்சை நிறுத்தவில்லை. பத்து கைகள் ஓடின. மகன் மெதுவாகவும் தப்பாகவும் ஏதோ சொன்னான் போலிருக்கிறது, பேத்தி பாயில் புரண்டு சிரித்தாள். மருமகள் முதல் சில நிமிடம் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் பேச்சில் கலந்து மறந்துவிட்டாள்.

நான் கிளம்ப எழுந்தபோது பேத்தி எழுந்து நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்து, என் உதட்டைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு தொண்டையை அழுத்தி, மிகத் தெளிவாக, "குட் மார்னிங்," என்றாள். எனக்கென்று அவளிடம் இருந்ததை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கல்வித் துறையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. மனுவைப் பரிவுடன் பரிசீலித்து, மாணவிக்கு இரண்டாம், மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள். அவர் எடுக்கப்போகும் ஒரே மொழி எது என்பதைக் கீழ்க்கண்ட நான்கில் குறிப்பிட்டுப் பதினைந்து நாளில் பாதுகாவலர் தெரிவிக்க வேண்டும்: தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத கடிதம். மருமகளுக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"எதுன்னு எழுதட்டும்?" என்றேன்.

"நக்கோ மாமா," என்றாள். வேண்டாம் என்று பொருள், கோபமாகச் சொல்லவில்லை. "அவ பேசிட்டிருக்கா. அடுப்புல குழம்பு இருக்கு, வெச்சிடறேன்."

கோப்பை மூடினேன். மூடும் கோப்பின் கடைசித் தாளில், பதில் கையில் கிடைத்த தேதியை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது நடைமுறை. எழுதினேன்: 17 ஆகஸ்ட் 2011, புதன்கிழமை.